காசு கொடுத்த குதிரையைப் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

பந்தயத்துக்குப் பழக்கலாம் என்று ஒரு குதிரைக்குட்டியை வாங்கி, கடைசியில் நஷ்டத்துக்கு விற்றவன் நான். கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு 1,40,000 ரூபாய். அந்தியூரிலிருந்து வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகொண்டா வரை வண்டி வாடகை 14,000. தென்னந்தோப்பில் கொட்டகையும் வேலியும் போட 60,000. ஒன்பது மாதத் தீவனம் 81,000. பார்த்துக்கொண்ட பையனுக்குச் சம்பளம் 1,08,000. மருத்துவர், எக்ஸ்ரே, மருந்து 21,000. லாடம் 10,800. மொத்தம் 4,34,800. விற்றபோது கைக்கு வந்தது 65,000. மிச்சம் 3,69,800 ரூபாய் பாலாற்று மணலோடு போயிற்று. மொத்தச் செலவில் குதிரையின் விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குகிற விலையைப் பேரம் பேசி ஐயாயிரம் குறைப்பதில் காட்டிய சாமர்த்தியத்தை, 'இதைப் பழக்கலாமா வேண்டாமா' என்ற கேள்வியில் நான் காட்டவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்ற பயம்தான், வேறென்ன.

எங்கள் பக்கத்தில் குதிரைப் பித்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தேசிங்கு ராஜன் செஞ்சிக்காரன் என்றாலும், 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவன் இறந்த பிறகு, உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் பேரில்தான் ராணிப்பேட்டை அமைந்தது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாருக்கும் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்கிய கதை அது. அதனாலோ என்னவோ, துள்ளிக் குதித்து ஆளை இழுக்கிற குட்டிதான் ஓடும் குட்டி என்று மனதில் பதிந்துவிடுகிறது. அது தப்பு. கண்ணின் வெள்ளை தெரிய முரண்டு பிடிக்கிற குட்டி, பாதி சக்தியைப் பயத்திலேயே செலவழித்துவிடும். பக்கத்தில் லாரி போனால் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீனியைத் தொடர்கிற குட்டிதான் பழக்கத்துக்கு நிற்கும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பார்த்தேன். ஆண் குட்டி, கருஞ்சிவப்பு. 'ரெண்டரை வயசு, அப்பன் பெங்களூர்ல ஓடினவன், 350 கிலோ இருக்கும்' என்றார் விற்றவர். மேளத்துக்குக் காலைத் தூக்கி ஆடவிட்டுக் காட்டினார். சுழி பார்த்தோம். நெற்றியில் ஒன்று, மார்பில் ஒன்று, எல்லாம் நல்ல சுழி என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நானும் அரை மணி நேரம் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுழி பார்ப்பது கூடாது என்று சொல்ல மாட்டேன், விலை அதை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது. ஆனால் சுழி முடியில் இருக்கிறது, ஓட்டம் முட்டிக்குக் கீழே இருக்கிறது. மேளத்துக்கு ஆடுவதும் ரேவால் நடை போடுவதும் கல்யாண ஊர்வலத்துக்கு அழகு. ரேவாலில் ஒரே பக்கத்துக் கால்கள் ஏறக்குறைய சேர்ந்து போகும், மேலே இருப்பவருக்குக் குலுங்காது. அதை வைத்து நாலுகால் பாய்ச்சலை மதிப்பிட முடியாது.

முதல் அடி வயசில் விழுந்தது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுக்கிற குதிரையை அவசியம் பார்க்க வேண்டும். உதட்டை விலக்கினால் முன்னால் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பல். பால்பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறுக்குப் பக்கத்தில் இடுப்பு ஒடுங்கியது போல இருக்கும். நிலையான பல் அகலமாக, கொஞ்சம் மஞ்சளாக, நெடுக்கில் கோடு விழுந்து இருக்கும். நடுவில் உள்ள ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். என் குட்டிக்கு எல்லாமே பால்பல். நடு ஜோடி அடுத்த சித்திரையில்தான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தது. அப்படியென்றால் வாங்கிய அன்று அதற்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. எட்டு மாத வித்தியாசம் பெரிதா என்று தோன்றலாம். முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளுகிற இடத்துக் குருத்தெலும்பு, மூடிக் கெட்டியாவது ஏறக்குறைய 24 முதல் 30 மாதத்தில். அந்த எட்டு மாதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது எடை. 350 கிலோ என்றதை நம்பிவிட்டேன். தையல்காரரின் டேப் ஒன்று இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் அதை மறுபடி பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். என் குட்டிக்குச் சுற்றளவு 148, நீளம் 140. கணக்குப் போட்டால் 258 கிலோ. வளர்ந்த குதிரைக்கே ஆளும் சேணமும் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. குட்டிக்கு அதிலும் குறைவு. ஏறிய பையன் 62 கிலோ, சேணம் 8 கிலோ. ஆக 70 கிலோ, நாலில் ஒரு பங்குக்கும் மேல். இந்தக் கணக்கை நான் போட்டது ஐந்து மாதம் கழித்து.

மூன்றாவது காகிதம். 'அப்பன் பெங்களூர்ல ஓடினவன்' என்ற சொல்லுக்குப் பத்துக் காசு மதிப்பில்லை. குதிரைப் பந்தயக் கிளப்புகள் நடத்தும் பந்தயங்களில் ஓடுவது பதிவான தரோபிரெட் இனக் குதிரைகள் மட்டும்தான். குதிரைகளின் வம்சாவளியைப் பதிவு செய்கிற, புனேயில் உள்ள இந்திய ஸ்டட் புக் அதாரிட்டியில் பெயர் ஏறியிருக்க வேண்டும், தாய் தந்தை டிஎன்ஏ சோதனையில் ஒத்துப்போக வேண்டும், மைக்ரோசிப்பும் பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும். இதெல்லாம் குட்டியாக இருக்கும்போதே நடப்பவை. நாலு கால் இருக்கிறது, வேகமாக ஓடுகிறது என்று பிற்பாடு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க முடியாது. எந்த மாதம் பிறந்தாலும் தரோபிரெட்டுக்கு ஜனவரி 1-ல் ஒரு வயது கூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காகிதமில்லாத குதிரைக்கு மிச்சம் இருப்பது ஊர்ப் பந்தயங்களும் குதிரை வண்டிப் பந்தயங்களும்தான். வண்டிப் பந்தயத்தில் உயரத்தை வைத்து வகை பிரிப்பார்கள், ஆகவே குட்டி எவ்வளவு வளரும் என்பதும் முக்கியம். எந்தப் பந்தயத்துக்கு என்று முடிவு செய்யாமல் குட்டி வாங்குவது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் மண்டபம் பிடிப்பது மாதிரி. காகிதம் என்றதும் இன்னொன்று. கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள், வேறு வழி கிடையாது.

இனி கால். குடியாத்தத்தில் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர், குட்டியை வந்து பார்த்தார். ஓட்டிக் காட்டட்டுமா என்றேன். 'வேணாம் தம்பி, சும்மா நிக்கட்டும்' என்று சொல்லிப் பக்கவாட்டில் போய்க் குந்திக்கொண்டார். பீடி ஒன்று முடிகிற வரைக்கும் பேச்சில்லை. பிறகு, 'முட்டி பின்னால போயிருக்கு. இது சாயங்காலம் வரைக்கும் ஓடும், வருசம் முழுக்க ஓடாது' என்றார். 'என்ன பாய் இப்படிச் சொல்றீங்க' என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பார்த்தது இதுதான். முன்னங்காலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தோளுக்குக் கீழிருந்து கணு வரை தூக்குக்குண்டு விட்டது போல நேராக வர வேண்டும். முட்டி கொஞ்சம் முன்னால் துருத்தியிருந்தால் பரவாயில்லை, ஓடும் குதிரைகள் பலவற்றுக்கு அப்படி இருக்கும். பின்னால் குழிந்திருந்தால் விடுங்கள். பாய்ச்சலில் முழு எடையும் ஒற்றைக் காலில் விழுகிற நொடியில் முட்டி இன்னும் பின்னால் வளையும். முன்பக்கத்துச் சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று இடித்துச் சில்லு தெறிக்கும், பின்பக்கத்துத் தசைநாண் இழுபடும். மருந்தாலோ லாடத்தாலோ சரிப்படுத்த முடியாத குறை அது.

முன்னால் நின்று பார்க்கும்போது மார்பிலிருந்து விட்ட கோடு முட்டியையும் குளம்பையும் நடுவில் வெட்ட வேண்டும். குளம்புக்கு மேலே உள்ள கணுச் சாய்வு 45 முதல் 50 பாகை அளவில் இருந்தால் நல்லது. நிமிர்ந்திருந்தால் அதிர்ச்சி எலும்புக்குப் போகும், நீளமாகப் படுத்திருந்தால் நாணுக்குப் போகும். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். முன் ஜோடியில் ஒன்று மற்றதைவிடச் சின்னதாக, குதிகால் ஒடுங்கி இருந்தால், அந்தக் காலை அது ரொம்ப நாளாகப் பாதுகாத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லாடம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிறகு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் நாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே தடவி வாருங்கள். முறுக்கிய கயிறு போல வழுவழுவென்று வர வேண்டும். ஓரிடத்தில் தடித்தோ சூடாகவோ இருந்தால், விரல் பட்டதும் காலை இழுத்தால், நாண் காயம்பட்டிருக்கிறது, ஆறப் பல மாதம் பிடிக்கும், ஒரு வருஷமும் ஆகலாம்.

நடக்கவிட்டுப் பார்ப்பது ஓடவிட்டுப் பார்ப்பதைவிட முக்கியம். ஈர மணலில் நடத்தினால் முன் குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின் குளம்பு பதிய வேண்டும். ஒரு சாண் தாண்டினால் சந்தோஷப்படுங்கள். தடத்தை எட்டவே இல்லையென்றால் பாய்ச்சலிலும் எட்டாது. பிறகு கெட்டியான தரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துச் சின்ன ஓட்டம் விடுங்கள். முன்னங்கால் வலியென்றால் வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். காலை ஒரு நிமிஷம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டால் மறைந்திருக்கிற நொண்டல் வெளியே வரும். சந்தையில் வலி ஊசி போட்டு நிறுத்துவதும் உண்டு. அதனால் ஒரே நாளில் முடிக்காதீர்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். விடியற்காலையில், யாரும் நடத்திச் சூடேற்றுவதற்கு முன்னால் கொட்டகையிலிருந்து வெளியே வருகிற முதல் பத்து அடிதான் உண்மையான நடை.

நான் செய்த அடுத்த தப்பு தீவனம். இதை எந்த ஆளும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மாட்டுக்காகத் தோப்பில் கோ-4 தீவனப்புல் போட்டிருந்தேன். அதையே வெட்டிப் போட்டேன், கூடவே தினம் இரண்டு கிலோ கோதுமைத் தவிடு. மாடு கொழுக்கிறது, குதிரையும் கொழுக்கும் என்று நினைப்பு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் ஆக்ஸலேட் இருக்கிறது, அது உள்ளே போன சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று நொண்டல் மாறி மாறி வரும். முற்றினால் முகத்து எலும்பே வீங்கும். வளர்கிற குட்டிக்கு, ஓட்டம் பழக்குகிற நேரத்தில் நான் செய்தது இதைத்தான். அறுகம்புல், சோளத்தட்டை, வேலிமசால் கலந்து போடுங்கள். வேகவைத்த கொள்ளு ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு உப்பினால் உயிருக்கே ஆபத்து. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்' என்பார்களே, என் குட்டி கடிவாளத்துக்கும் திறந்தது. அந்த நல்ல குணத்தை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஐப்பசியில் ஆள் ஏற்றினேன். முறைப்படி பார்த்தால் முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடத்துவதும், பின்னால் நின்று நீளக் கயிற்றில் ஓட்டுவதும்தான். கயிற்றில் சுற்றவிடுவதாக இருந்தால் வட்டம் இருபது மீட்டர் அகலமாவது இருக்கட்டும், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். சின்ன வட்டம் இளம் மூட்டைத் திருகும். அதன் பிறகு லேசான ஆளை ஏற்றி நடை, பிறகு பல வாரம் சின்ன ஓட்டம், கடைசியில்தான் பாய்ச்சல், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் குறைந்த தூரம். நான் மூன்றாவது வாரமே பாலாற்றில் பாயவிட்டேன். மணல் மெத்து மெத்தென்று காலுக்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. ஈரத்தில் இறுகிய மணல் நல்லதுதான். குளம்பு புதைகிற உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் நாண் கூடுதலாக இழுபடும். போதாததற்கு மணல் அள்ளிய குழிகள் வேறு, எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தை பிறந்ததும் முட்டிக்கு மேலே இரண்டு கால்களும் உடுக்கை போல வீங்கின. முன் எலும்பைத் தொட்டால் சிலிர்த்தது. எக்ஸ்ரே எடுத்தபோது வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்தே இருப்பது கறுப்புக் கோடாகத் தெரிந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, 'இதுல ஏறினீங்களா?' என்று மட்டும் கேட்டார். வெட்கமாக இருந்தது. இந்த ஒரு எக்ஸ்ரேயை ஆள் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்திருந்தால் ஆறு மாதச் செலவு மிச்சம். வேலூரில் வசதி அமையாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், 140 கிலோமீட்டர்தான். போகிறபோது தொண்டையையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குரல்வளையின் இடப்பக்கம் செயலிழந்த குதிரை ஓடும்போது மூச்சை உள்ளிழுக்கையில் இரைச்சல் கேட்கும். காற்றுப் போகும் வழி பாதி அடைத்தால் எந்தக் கால் இருந்து என்ன?

ஓய்வு கொடுத்து, தீவனத்தை மாற்றி, பங்குனியில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை அளந்து பார்த்தேன். குதிரை நின்றபடி இருக்கும்போது இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரை. இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓட்டம் முடிந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் 64-க்குக் கீழே இறங்கினால் உடம்பு வேலையை ஏற்கிறது. என் குட்டிக்கு அரை மணி ஆகியும் 72. வேலூர் வெயிலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓடி வந்த குதிரையின் கழுத்தும் விலாவும் நனைந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் வாங்கி, தோல் உலர்ந்தே இருந்தால் அதற்கு வியர்க்கும் சக்தி போய்விட்டது. சித்திரை வெயிலில் அதை ஓட்டுவது கொலை. பாய்ச்சலின் அடி நீளத்தை இறுகிய மணலில் அளந்தோம், ஒரே குளம்பு பதிந்த இரண்டு தடத்துக்கு நடுவில். நல்ல தரோபிரெட்டுக்கு ஆறு ஏழு மீட்டர் வரும். எங்கள் டேப் 4.9-ல் நின்றது. பையன் டேப்பை மறுபடி பிடித்தான். அதே 4.9.

பழக்குவதைத் தொடரலாமா விடலாமா என்று முடிவெடுக்க, தொண்ணூறு நாள் என்று முன்கூட்டியே காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கூடவே செலவுக்கு ஒரு தொகையும். அந்த நாளில் பார்க்க வேண்டியவை குறைவு. ஓடிய மறுநாள் காலையில் புறங்கையை வைத்துப் பார்த்தால் நாலு காலும் குளிர்ச்சியாக இருக்கிறதா, ஓடிய அன்று மாலை தீனித் தொட்டி காலியாகிறதா, கடைசி 200 மீட்டரிலும் அடி சுருங்காமல் இருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு குதிரை வந்தால் முன்னே போகப் பார்க்கிறதா, ஒதுங்குகிறதா. முதல் இரண்டில் ஒன்று தவறினால் வேலையைக் குறைத்துக் காத்திருக்கலாம். கடைசி இரண்டும் தவறினால் அது பந்தயத்துக்கு இல்லை. நான் வட்டம் போடவில்லை, 'இன்னும் ஒரு மாசம்' என்று நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு மாசமும் தீனி, சம்பளம், லாடம் என்று 22,000-க்கு மேல்.

வைகாசியில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். மேளத்துக்கு ஆடும் என்றேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நேராகப் போய்க் குதிரையின் உதட்டை விலக்கினார். முளைத்து ஒரு மாதமே ஆன நடு ஜோடியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முட்டிக்கு மேலே இருந்த வீக்கத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். 75,000 என்று பேசி வைத்திருந்தது, 65,000 என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.